‘பவர்சேவ்’ வைத்தால் பிராசஸர் வேகம் பூட்டப்படுமா?

இரவுவிளக்கு: “லினக்ஸில் பவர்சேவ் கவர்னர் (பிராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் விதி) பிராசஸரைக் குறைந்தபட்ச வேகத்திலேயே கட்டிப்போட்டுவிடும், பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள்” என்று கற்சிலை நேற்று ஒரு புதியவருக்கு அறிவுரை கூறியிருந்தார். அவரும் நம்பி மாற்றினார். பக்கம் புரட்டினால்கூட விசிறி இரைகிறது என்று இன்று வருந்துகிறார். இன்டெல் பிராசஸர்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் நிலையில் (வேகத்தை டிரைவரே கவனிக்கும் நிலை) இருக்கும்போது, பவர்சேவ் என்ற பெயரில் இயங்குவது வேலைப்பளுவுக்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் முறை. என் ஐ5-8250யூ பிராசஸர் இப்போது பவர்சேவில்தான் இருக்கிறது. சும்மா இருக்கையில் 800 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறது, ஒரு கோப்பைச் சுருக்கத் தொடங்கியதும் 3.4 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. இதையா பூட்டு என்கிறீர்கள்?

கற்சிலை: லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் ஆவணத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். பவர்சேவ் கவர்னர், அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகத்தையே கோரும் என்று அதில் தெளிவாக உள்ளது. என் பழைய மடிக்கணினியில் நாள் முழுவதும் 800 மெகாஹெர்ட்ஸில் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரவுவிளக்கு: நீங்கள் படித்தது பொதுவான கவர்னர்களைப் பற்றிய பக்கம். பி-ஸ்டேட்டுக்குத் தனிப் பக்கம் உண்டு. பெயர் ஒன்றானாலும் செயல் வேறு என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பழைய கணினியில் எந்த டிரைவர் இருந்தது?

கோடைமழை: எதற்கு இத்தனை வாதம்? தேவைப்படும்போது வேகத்தை அடிப்படைக்கு மேல் உயர்த்தும் டர்போவை அணைத்தேன், 96 டிகிரியில் கொதித்தது 70க்கு இறங்கிவிட்டது.

இரவுவிளக்கு: இறங்காமல் என்ன செய்யும்? டர்போவை அணைத்தால் என் பிராசஸர் 1.6 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. பாதி வேகத்தைப் பறிகொடுத்துவிட்டுக் குளிர்ச்சி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீண்டநேர மின் வரம்பை 15 வாட்டிலிருந்து 12க்குக் குறைத்தால், சிறு வேலைகளுக்கு டர்போவும் கிடைக்கும், தொடர்ந்து ஓடும் வேலையில் சூடும் அடங்கும். முன்பெல்லாம் மின்னழுத்தத்தைக் குறைத்தே இதைச் சாதித்தோம். 2019இல் மின்னழுத்த மாற்றத்தையே தாக்குதலுக்குப் பயன்படுத்தும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் பதிந்த மென்பொருள்) புதுப்பிப்புகள் பல கணினிகளில் அந்த வழியை அடைத்துவிட்டன.

கோடைமழை: எனக்கு 70 டிகிரி போதும். நான் கணினியை மடியில் வைத்து வேலை செய்பவன்.

கற்சிலை: பேச்சை மாற்ற வேண்டாம். பி-ஸ்டேட்டையே பாசிவ் நிலைக்கு (பொதுவான கவர்னர்களே வேகத்தைக் கோரும் நிலை) மாற்றினால் பவர்சேவ் குறைந்த வேகத்தில்தான் நிற்கும். அப்படியானால் நான் சொன்னது சரிதானே? மின்சேமிப்பு மென்பொருள்களான டிஎல்பியையும் பவர் புரொஃபைல்ஸ் டீமனையும் ஒன்றாக ஓட்டக் கூடாது, இரண்டும் ஒரே அமைப்பை மாற்றி மாற்றி எழுதும் என்று நான் எச்சரித்தபோதும் நீங்கள் இப்படித்தான் மறுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

இரவுவிளக்கு: மறுக்கவில்லை, காரணம் கேட்டேன். அந்தப் புதியவரின் கணினி ஆக்டிவ் நிலையில் இருக்கிறது. பாசிவ் நிலைக்கான விதியை அவருக்கு ஏன் சொன்னீர்கள்? எந்த டிரைவர் இயங்குகிறது என்று காட்டும் ஸ்கேலிங் டிரைவர் கோப்பைத் திறந்து, உங்கள் பழைய கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

கற்சிலை: அது அவசியமில்லை. 800 மெகாஹெர்ட்ஸில் நின்றது, நான் பார்த்தேன்.

இரவுவிளக்கு: மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: எந்த டிரைவர்?