லெக் கார்டு குரோம் மேல் அடித்த பெயின்ட் தோல் தோலாக உரிகிறது, என்ன செய்யலாம்?

பென்னாகரம் வண்டிக்காரன்:
அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. லெக் கார்டு, ஹேண்டில் பார், ஹெட்லைட் ரிங் மூன்றிலும் குரோம் புள்ளி புள்ளியாகத் துருவேறிக் கிடக்கிறது. மறுபடி குரோம் போடச் சொன்ன விலைக்கு மனசு வரவில்லை. கறுப்பாகவே இருக்கட்டும் என்று ஷாம்பு போட்டுக் கழுவி, பெட்ரோலில் துடைத்து, லெக் கார்டுக்கு ஸ்ப்ரே கேனில் மூன்று கோட் அடித்தேன். அருமையாக இருந்தது. ஒகேனக்கல் வரை ஒருமுறை போய் வந்தேன், அவ்வளவுதான். கல் பட்ட இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் பாம்பு சட்டை உரிப்பதுபோல் வருகிறது. அடியில் குரோம் பளபளவென்று சிரிக்கிறது. துருப் புள்ளி இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் விடாமல் பிடித்திருக்கிறது, அதுதான் புரியவில்லை. ஆசிட் ஊற்றிக் குரோமையே எடுத்துவிடு என்கிறான் நண்பன். செய்யலாமா?

ஓசூர் பெயின்டர்:
தம்பி, கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. துரு சொரசொரப்பு, அதனால் பிடித்தது. குரோம் கண்ணாடி மாதிரி. பெயின்டுக்குக் கால் ஊன்ற இடமே கிடையாது. நீங்கள் அழுக்கை எடுத்தீர்கள், பளபளப்பை எடுக்கவில்லை.

அடித்த பெயின்டை முழுக்க உரித்துவிடுங்கள். 180 நம்பர் வாட்டர் பேப்பரில், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளில், தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, அப்புறம் இன்னும் நைசான 320. எங்குமே முகம் தெரியக் கூடாது, எல்லாம் மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆக வேண்டும். குழாய் வளைவின் உள்பக்கமும் வெல்டிங் மூலையும்தான் எல்லோரும் ஏமாறும் இடம். லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை தெரிந்தால் பயப்படாதீர்கள், அது குரோமுக்கு அடியில் இருக்கும் நிக்கல். குரோம் ஒரு மைக்ரான் கூட இருக்காது, கனமெல்லாம் நிக்கலில்தான். குரோம் செதில் தூக்கி நிற்கும் இடத்தைப் பிளேடால் சுரண்டி, கெட்டியான ஓரம் வரும்வரை போங்கள். துருவையும் அப்படியே விடாதீர்கள். இன்று பெயின்டைப் பிடித்திருக்கிற அதே துரு நாளைக்குக் கொப்புளமாக எழும்பும்.

பாலக்கோடு பழைய பைக்:
ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட் போட்டால் போதாதா அண்ணா? எங்கள் வீட்டு கேட்டுக்கு அதுதான் அடித்தோம்.

ஓசூர் பெயின்டர்:
கேட் இரும்பு, அதில் நிற்கும். இதற்கு ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கிற எபாக்சி பிரைமர், அதாவது அடிப்பூச்சு, வாங்குங்கள். கலவை அளவும் அடுத்த கோட்டுக்கு விடும் நேரமும் டின்னிலேயே இருக்கும், குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள். மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். பி.யூ. ஹார்டனர் நெஞ்சுக்குக் கெடுதல், துணி மாஸ்க் உதவாது, கார்பன் ஃபில்டர் வைத்தது வேண்டும்.

கிருஷ்ணகிரி மெக்கானிக்:
ஆசிட் வேலை வேண்டாம். குரோமைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் லெக் கார்டு உள்ளே குழாய். ஓட்டை வழியாக உள்ளே போன ஆசிட்டை எப்படிக் கழுவி எடுப்பீர்கள்? உள்ளிருந்தே அரிக்கும். புகை பட்டால் பக்கத்தில் இருக்கிற ஸ்பேனர் கூடத் துருவேறும். கரைந்த குரோம் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது அதைவிடத் தப்பு.

இன்னொன்று, யாராவது இதைப் படித்துவிட்டு முன் ஃபோர்க் குழாயையும் தேய்க்கப் போகிறீர்கள். அது வேறு குரோம், ஆயில் சீல் அதன் மேல்தான் ஓடுகிறது. கை வைக்காதீர்கள். சைலன்சருக்கு எபாக்சி தாங்காது, சூடு தாங்கும் பெயின்டைத் தனியாக வாங்கி, இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி ஆறவிட்டு வேக வைக்க வேண்டும்.

தர்மபுரி டவுன்:
ஒன்று விட்டுப்போச்சு, தண்ணீர். நம்ம ஊர் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை படிய விடுகிறது. அதில் தேய்த்து அப்படியே காயவிட்டால் உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டி, ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். எனக்குப் போட்டது. கடைசிக் கழுவலுக்கு ஒரு கேன் ஆர்.ஓ. தண்ணீர். அப்போதே பார்த்துவிடலாம், தண்ணீர் தகடாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய் மிச்சம். பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

பென்னாகரம் வண்டிக்காரன்:
மூன்று வாரம் ஆயிற்று. தேய்க்கவே இரண்டு ஞாயிறு போய்விட்டது, தோள் இன்னும் வலிக்கிறது. முதல் தடவை தண்ணீர் முத்து முத்தாகத்தான் நின்றது, டூ ஸ்ட்ரோக் ஆயில் போல. தின்னரில் துடைத்து மறுபடி கழுவினேன். ஹேண்டில் பாரில் கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்கு டேப் ஒட்டிவிட்டு அடித்தேன். நேற்று லெக் கார்டு கேட்டில் இடித்தது. கடுகளவு பெயர்ந்து பிரைமர் தெரிகிறது, நகத்தால் இழுத்தும் வரவில்லை.

ஹெட்லைட் ரிங்குக்கு மட்டும் அடிக்கவில்லை. சமையலறை அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்ததில் பாதிப் புள்ளி போய்விட்டது. அப்பா பார்த்துவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்றார்.