தம்பி வரைவான், நான் தைப்பேன்

மதுரையிலிருந்து:

கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து தொழில் செய்தவர்கள் எழுதுங்கள் என்றதும் எனக்கு ஒரு கல்யாண பிளவுஸ்தான் ஞாபகம் வந்தது. அரக்குப் பட்டு, முதுகில் ஜோடி மயில்.

நானும் என் தம்பியும் ஏழு வருஷமாக ஆரி ஒர்க், அதாவது கொக்கி ஊசியால் பிளவுஸில் பூத்தையல் போடும் வேலை, செய்கிறோம். எங்கள் அப்பா புதுமண்டபத்தில் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உருமா, சல்லடம், கச்சை என்று ராப்பகலாகத் தைப்பார்கள். மிஞ்சிய வெல்வெட் துண்டிலும் ஜரிகையிலும்தான் நாங்கள் இரண்டு பேரும் விளையாடி வளர்ந்தோம். இப்போது அந்தக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்பாவும் இல்லை.

தம்பிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கை நன்றாக ஓடும். நான் ஆரி கற்றுக்கொண்டு வந்ததும், அவன் வரைவது, நான் தைப்பது என்று தானாகவே அமைந்துவிட்டது. பட்டர் பேப்பரில் அவன் வரைந்து கொடுப்பான். அந்தக் கோட்டின் மேலேயே நான் ஊசியால் பொடிப்பொடியாகக் குத்துவேன். பேப்பரைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடரைக் குழைத்துத் துணிப்பந்தால் தேய்த்தால், பேப்பரை எடுக்கும்போது வெள்ளைப் புள்ளிகளாக டிசைன் இறங்கியிருக்கும். அப்புறம் ஃப்ரேமில் கட்ட வேண்டும். துணியை விரலால் தட்டினால் மேளத்தில் தட்டினது மாதிரி சத்தம் வர வேண்டும். இதே கொக்கி ஊசி வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் தாம்பூர். அந்தச் சொல்லுக்கே மேளம் என்றுதான் அர்த்தமாம். எங்கேயோ இருக்கிறவர்களுக்கும் அந்தச் சத்தம்தான் அடையாளம் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்களுக்குள் சண்டை என்றால் அது ஒரே விஷயத்துக்குத்தான். தம்பி பொடிப்பொடியாக வரைவான். மயில் தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனி, கொடியில் ஒவ்வொரு இலையும் தனி. அவன் ஒரு நிமிஷத்தில் பத்து இலை போட்டுவிடுவான். எனக்கு ஒவ்வொரு இலைக்கும் நூல் எடுத்து, ஆரம்ப முடிச்சு போட்டு, தைத்து, கடைசி முடிச்சு போட்டு, அறுத்து, மறுபடி அடுத்த இலை. சொன்னால், “அக்கா, டிசைனைப் பார்த்துத்தானே ஆர்டர் வருது” என்பான். அதுவும் நிஜம்தான். அவன் வரைந்ததைப் பார்த்துத்தான் திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் தேடி வந்தார்கள்.

அந்த அரக்குப் பட்டு ஆவணி முகூர்த்தத்துக்கு. அந்த வாரம் மட்டும் ஐந்து பிளவுஸ். கொடுத்து அனுப்பியாயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் பெண்ணின் அம்மா போன் செய்தார். “ஏம்மா, முதுகுல நூல் வந்துக்கிட்டே இருக்கு. இழுத்தா நிக்கவே மாட்டேங்குது.”

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. “இழுக்காதீங்கம்மா, அப்படியே விட்டுடுங்க, நாங்க வந்துட்டோம்” என்றேன்.

ஆரி தெரிந்தவர்களுக்குப் புரியும். நூல் துணிக்கு அடியில் இருக்கும். மேலேயிருந்து ஊசி இறங்கி, அதன் கொக்கி நூலை ஒரு வளையமாக மேலே இழுக்கும். அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த வளையம், அதற்குள் அடுத்தது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் சங்கிலி. கடைசி வளையத்தைப் பூட்டுகிற முடிச்சு நழுவினால், பிடிக்க வேறு எதுவும் இல்லை. மொத்த வரிசையும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். போட்டுப் பார்க்கும்போது வளையல் மாட்டியிருக்கிறது. ஆனால் தப்பு என்னுடையது. அவசரத்தில் அந்த முடிச்சை நான் சரியாக இறுக்கவில்லை.

போய் வாங்கி வந்தோம். ஒரு மயிலின் கழுத்திலிருந்து மார்பு வரை காணோம், ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. தைத்து முடித்த பிளவுஸைப் பெரிய ஃப்ரேமில் கட்ட முடியாது. லைனிங்கைப் பிரித்து, சின்ன வட்ட ஃப்ரேமை மாட்டி, தம்பி அதை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். நான் பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு விட்டுத் தைத்தேன். கழுத்தை முடிக்கவே பத்தரை ஆயிற்று.

“மத்த முடிச்செல்லாம்?” என்றான் தம்பி.

அப்போதுதான் துணியைத் திருப்பினோம். அதுவரை அவன் தன் டிசைனைப் பின்பக்கம் பார்த்ததே இல்லை. தைத்து முடித்ததை நேராகப் பார்ப்பான், போட்டோ எடுப்பான், அவ்வளவுதான். பின்பக்கம் முழுக்க முடிச்சும் வெட்டிய நூல் நுனியுமாகப் புல் முளைத்தது மாதிரி இருந்தது. அவன் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தான். ஒரு மயிலில் மட்டும் 63 முடிச்சு. அப்புறம் எதுவும் பேசவில்லை. சாதா ஊசியில் நூல் கோத்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே இன்னொரு முடிச்சு, அவன் ஒரு மயில், நான் ஒரு மயில். லைனிங்கை மறுபடி பிடித்து அடித்து முடிக்கும்போது மணி மூன்றரை. ஆறு மணி முகூர்த்தம். நாலரைக்கெல்லாம் மண்டபத்தில் கொடுத்துவிட்டான். பாக்கிப் பணத்தை நாங்கள் வாங்கவில்லை. அந்த அம்மா தாம்பூலப் பையை அவன் கையில் திணித்து அனுப்பியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து தம்பி அம்மாவின் கோல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிக்குக் கோலப் பக்கங்கள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஒரே கோடு போகும், ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். நடுவில் கையை எடுக்க வேண்டியதில்லை. சங்கிலித் தையலுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோடு செயின் ஸ்டிச், புள்ளிக்கு ஒரு முத்து. கோடு முடிகிற இடத்தைத் தோள் ஜாயின்ட்டுக்குள்ளோ கொக்கிப் பட்டிக்கு அடியிலோ கொண்டுபோய் ஒளித்தான். அங்கே வளையலும் மாட்டாது, ஒட்டியாணமும் மாட்டாது. முதல் சிக்குக்கோல முதுகை 19 மணி நேரத்தில் முடித்தேன். மயில் பிளவுஸுக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மயில் கேட்கிறவர்களுக்கு இன்றும் மயில்தான். ஆனால் இப்போது கொண்டையில் புறப்பட்ட கோடு கழுத்து, உடம்பு, தோகை எல்லாம் சுற்றி ஒரே ஓட்டமாக முடியும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். வரைந்ததும் தம்பி பேப்பரின் ஓரத்தில் ஒரு எண் எழுதுவான். எத்தனை முடிச்சு வரும் என்ற கணக்கு அது.

பணக் கணக்கும் எழுத ஆரம்பித்தோம். தைத்த மணி நேரத்துக்கும் வரைந்த மணி நேரத்துக்கும் கூலியை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சரிபாதி. வீட்டுக்குள்ளே கணக்கு என்ன என்று அம்மாவுக்கு முதலில் மனத்தாங்கல்தான். இப்போது நோட்டை அவரே எழுதுகிறார்.

கோத்தகிரியிலிருந்து:

நான் தொழில் செய்யவில்லை, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இங்கே தோடர் பழங்குடியினரின் ஒரு மந்தில், அதாவது அவர்களுடைய சின்னக் குடியிருப்பில், அக்கா தங்கை இரண்டு பேர் சேர்ந்து சால்வை தைக்கிறார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும், அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்குளி என்ற போர்வையில் வருகிற அதே வேலை. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். வரைவதும் இல்லை, பேப்பரும் இல்லை, ஃப்ரேமும் இல்லை. மடியில் துணியைப் போட்டுக்கொண்டு நெசவு இழையை எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். அக்கா விட்ட இடத்திலிருந்து தங்கை தொடர்ந்தார். எங்கே மாறியது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எது நேர்ப்பக்கம் என்று கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே சால்வையைத் திருப்பிப் போட்டார். இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளலாம். உங்கள் தம்பி பின்பக்கத்தைப் பார்த்த இடத்தைப் படித்தபோது அந்தக் கைதான் கண்முன் வந்தது.

மதுரையிலிருந்து:

தம்பியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை வாசி அக்கா என்றான். ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. இரண்டு பேரும் கிளம்பி வந்தால் அந்த அக்கா தங்கை பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் டிசைனை எடுத்து எங்கள் பிளவுஸில் போட மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அது அவர்களுடையது. இழையை எண்ணும்போது அந்த விரல் எப்படிப் போகிறது என்று தம்பிக்குப் பார்க்க வேண்டுமாம்.