வீட்டுப் பின்புறத்தில் மூன்று கோழிகள்: எங்கள் அனுபவம்

நகரத்துக்குள், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி இருக்கிற சின்னப் பின்புறத்தில் நான்கு கோழிகளோடு ஆரம்பித்தேன். இப்போது மூன்றாவது வருடம். கோழி வாங்குவதற்கு முன்னால் எந்த இனம் நன்றாக முட்டையிடும் என்றுதான் எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தேன். கூண்டைப் பற்றிச் சரியாக யோசிக்கவில்லை. அதனால் ஒரு கோழியை இழந்தேன்.

முட்டைப் பருவத்தை நெருங்கிய விடைக்கோழிகள் நான்கு கிடைத்ததும், ஆசையில் அன்றைக்கே கொண்டுவந்துவிட்டேன். கூண்டு முடிய இன்னும் ஒரு வாரம் ஆகும் என்ற நிலை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று பழைய மர அலமாரியைப் படுக்கப் போட்டு, முன்பக்கம் மெல்லிய கோழிவலையைக் கட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி பூனை வந்தது. அது உள்ளே நுழையக்கூட இல்லை. வலைக்கண் வழியாகக் காலை விட்டு, ஓரமாகப் படுத்திருந்த ஒன்றைப் பிடித்திருக்கிறது. காலையில் பார்த்ததை இங்கே எழுத மனசு வரவில்லை.

அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வேண்டும். எலிக்கும் அதுதான். கூண்டைச் சுற்றித் தரையில் ஒரு அடி அகலத்துக்கு அதே வலையை வெளிப்பக்கமாகப் படுக்கவைத்து மண்ணால் மூடினேன். மண்ணைத் தோண்டி வருகிற பிராணி சுவரோரம்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டால் மேற்கொண்டு போக முடியாது. கதவுக்குச் சும்மா கொக்கி மட்டும் போடாமல் தாழ்ப்பாளும் போடுங்கள்.

மீதி மூன்றுக்கும் உறங்க 3 அடிக்கு 4 அடி அறை, அதை ஒட்டி நடமாட 30 சதுர அடி கம்பிக்கூண்டு. இந்த அளவு போதும், இதற்குக் குறைத்தால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். உட்கார்ந்து தூங்கும் கட்டை, முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து எச்சம் போட்டு, முட்டையெல்லாம் அழுக்காகிவிடும். மூன்று கோழிக்கு ஒரு பெட்டி போதும். நான் இரண்டு வைத்தேன். மூன்றும் ஒரே பெட்டிக்குத்தான் காத்து நிற்கின்றன.

அப்புறம் முதல் மழைக்காலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் காலையில் வந்து, “ராத்திரி ஜன்னலைத் திறக்க முடியலை தம்பி” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கூண்டைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். சுத்தமாக வைத்திருப்பதாக நினைப்பு. அதுதான் தப்பு. எச்சம் காய்ந்திருந்தால் அவ்வளவாக வாடை இல்லை. ஈரம் பட்டால்தான் அமோனியா கிளம்பும்.

அன்றோடு கழுவுவதை நிறுத்தினேன். கூரையை இரண்டு அடி நீட்டினேன். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தேன், கவிழ்ப்பதும் கிளறிய குப்பை விழுவதும் நின்றது. தரையில் அரையடிக்குக் காய்ந்த இலையும் மரத்தூளும் பரப்பினேன். சாயங்காலம் அதன்மேல் ஒரு பிடி தானியம் வீசினால் போதும், மூன்றும் சேர்ந்து மொத்தத்தையும் கிளறிப் புரட்டிவிடும். எச்சத்தில் கணிசமான பங்கு ராத்திரியில் விழுகிறது. அதனால் கட்டைக்குக் கீழே ஒரு பலகை வைத்து, காலையில் அதை மட்டும் சுரண்டி எருக் குவியலில் போடுகிறேன். பச்சை எச்சத்தை நேரே செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகிவிடும். சில மாதம் மக்க வேண்டும்.

பத்து நாளில் அந்தப் பெரியவரே வந்து கூண்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

முட்டையைப் பற்றி: முதல் முட்டை ஏறத்தாழ 23-ஆவது வாரத்தில் வந்தது. இரண்டாவது, ஓடு இல்லாமல் வெறும் தோலோடு வந்த தோல்முட்டை. பயந்துபோனேன். புதிதாக முட்டையிடும் கோழிக்கு அப்படி வருவது சகஜம், ஆனால் என் பக்கமும் பிசகு இருந்தது. செல்லமாகத் தானியமும் அடுப்படி மிச்சமும் நிறையப் போட்டு, தீவனத்தைக் குறைத்திருந்தேன். இப்போது ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 110 கிராம் முட்டைக்கோழித் தீவனம், முட்டை ஓடு கெட்டிப்படத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆவதால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போய், ஏதோ ஒருநாள் விட்டுப்போகும். அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

* * *

இதைப் படித்த ஒருவர் எழுதியது: உங்கள் பூனைச் சம்பவம் மனசைப் பிசைந்துவிட்டது. நான் சேவலால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். குஞ்சாக மூன்று வாங்கினோம், எல்லாம் பெட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஒன்றுக்கு மட்டும் கொண்டை சிவந்து பெரிதாகி, கழுத்திலும் வால் பக்கத்திலும் இறகு கூர் கூராக நீண்டது. அடுத்த மாதம் விடியற்காலை நான்கு மணிக்குக் கூவல். தெருவே எழுந்தது. முட்டைக்குச் சேவலே தேவையில்லை, குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் வேண்டும். என் பெண் பெயர் வைத்து வளர்த்த சேவலை நிலம் உள்ள உறவினரிடம் விட்டுவர வேண்டியதாயிற்று, அவள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நகரத்தில் ஆரம்பிப்பவர்கள் நான்கு மாதம் தாண்டிய விடைக்கோழியாகவே வாங்குங்கள். பெட்டையும் முட்டையிட்டதும் கேறும், ஆனால் பகலில், சில நிமிடம்தான்.

கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டதுதானா என்றும் கேட்டு வாங்குங்கள்.

* * *

இன்னொருவர் எழுதியது: நான் இரண்டே இரண்டு கோழி வாங்கினேன். ஒன்று நோயில் போனதும் மற்றது சரியாகத் தின்னாமல் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே திரிந்தது. கோழி கூட்டமாக வாழ்கிற பறவை. புதிதாக இரண்டு வாங்கி மூன்று வாரம் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகச் சில நாள் பழகவிட்டுச் சேர்த்தேன். முதல் வாரம் பழைய கோழி விரட்டி விரட்டிக் கொத்தியது. இரண்டு இடத்தில் தீவனம் வைத்த பிறகு அடங்கியது. இப்போது ராத்திரி மூன்றும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு சந்தேகம். பழையது நாலு நாளாகக் காலிப் பெட்டியில் படுத்துக்கொண்டு, கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. நோயா?

* * *

அந்தச் சந்தேகத்துக்கு வந்த பதில்: அது அடை படுத்திருக்கிறது, அதாவது குஞ்சு பொரிக்க உட்கார்ந்திருக்கிறது, நோய் இல்லை. சேவல் இல்லாததால் பொரிக்க ஒன்றும் கிடையாது, ஆனாலும் வாரக்கணக்கில் படுத்தே இருக்கும், சரியாகத் தின்னாது. முட்டையை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். அடியில் காற்று வருகிற மாதிரி கம்பித்தளம் உள்ள கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, தீவனமும் தண்ணீரும் கொடுத்து மூன்று நாள் அதில் விடுங்கள். வயிற்றுச் சூடு இறங்கினால் எழுந்துவிடும். எங்கள் கறுப்பி நாலாம் நாள் மண்ணில் புரண்டு குளித்தது. மறுபடி முட்டையிடக் கொஞ்ச நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.