பாங்காக்கின் மிதக்கும் சந்தைகளுக்குத் தனி வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணம்: மூத்தவர்களுக்கு ஏற்றது எது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து பாங்காக்கிற்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். நானும் என் கணவரும், இரண்டு பிள்ளைகளும், எழுபது வயதைக் கடந்த என் அம்மாவும் ஆக ஐந்து பேர். அம்மா பிறந்து வளர்ந்தது தெலுக் இந்தானில், பேராக் ஆற்றின் கரையில். அரண்மனையையும் பேரங்காடியையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும், படகில் வைத்துக் காய்கறி விற்பதை மட்டும் தமக்குக் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒரு பயண முகவரிடம் விசாரித்தபோது தனி வேன், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, டம்னேன் சதுவாக் மிதக்கும் சந்தை, மேக்லோங் ரயில் சந்தை, அம்பாவா மிதக்கும் சந்தை ஆகிய மூன்று இடங்கள், இடையில் ஒரு தோல்பொருள் கடை, ஒரு நகைக்கடை என ஒரு திட்டத்தை அனுப்பினார். படகுக் கட்டணம் இதில் அடங்குமா என்று கேட்டேன்; தெளிவான பதில் வரவில்லை. கூட்டத்தோடு பேருந்தில் போவதைவிடத் தனி வழிகாட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் உண்மையில் பயன் உண்டா? முழங்கால் வலி உள்ள அம்மாவால் படகில் ஏறி இறங்க முடியுமா? அவர் முட்டைகூட உண்ணாத சைவர் என்பதால் உணவுக்கு என்ன ஏற்பாடு செய்வது? சென்று வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ரவாங் பயணி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். ஐந்து பேரில் ஒருவர் மூத்தவர் என்னும்போது தனி வேன்தான் சரி. அதற்குக் காரணம் சொகுசு அன்று, நேரம். டம்னேன் சதுவாக், பாங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ராட்சபுரி மாநிலத்தில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து சேர்ந்துவிட்டால், வாய்க்காலில் படகோடு படகு உரசிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். காலை ஏழரை மணிக்கே அங்கு இருப்பவர்களுக்கு அந்த வாய்க்கால் வேறு இடமாகத் தெரியும். பேருந்துப் பயணத்தில் அந்த நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தனி வேனில் முடியும். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியிருப்பதால், அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது உங்கள் உடலுக்கு ஆறு மணியாகத்தான் தோன்றும். அம்மாவுக்கும் அது சிரமமாக இராது.

படகுக் கட்டணம் பற்றி முகவர் மழுப்புகிறார் என்றால், அங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். சந்தைக்குச் சற்றுத் தள்ளியுள்ள தனியார் படகுத்துறையில் வேனை நிறுத்திவிட்டு, படகு ஏறாமல் சந்தையைப் பார்க்கவே முடியாது என்று சொல்லி, பல மடங்கு விலை கேட்பது அந்தப் பகுதியில் நீண்ட நாள்களாக நடந்துவரும் வழக்கம். வண்டியோட்டிக்கு அதில் தரகும் உண்டு. உண்மையில் சந்தையின் வாய்க்கால் ஓரம் முழுவதும் நடைபாதை இருக்கிறது, நடந்தே பார்க்கலாம். எந்தப் படகுத்துறை, துடுப்புப் படகா மோட்டார் படகா, கட்டணம் ஆளுக்கா முழுப் படகுக்கா, எத்தனை நிமிடம் என்பவற்றை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தோல்பொருள் கடையையும் நகைக்கடையையும் நீக்கச் சொல்லுங்கள். அதற்காக விலையைச் சற்று உயர்த்தினாலும் ஒப்புக்கொள்ளலாம், ஏனெனில் அந்தக் கடைகளில் போகும் நேரம் உங்கள் அம்மாவின் நேரம்.

வழிகாட்டியைப் பற்றியும் ஒன்று. தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டித் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார்கள். இங்கிருந்து கூடவே வரும் குழுத் தலைவர் எவ்வளவு நன்றாகத் தமிழ் பேசினாலும் அவர் அங்கே வழிகாட்டி ஆக மாட்டார். ஆகவே ஆங்கிலம் பேசும் தாய்லாந்து வழிகாட்டியையே கேளுங்கள், பெயர் பதிவு செய்யும்போதே உரிம எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

டம்னேன் சதுவாக்கிலிருந்து ஒன்பதரைக்குப் புறப்பட்டால் மேக்லோங் சந்தைக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். ரயில் அந்தச் சந்தையின் ஊடாக நாளுக்கு நான்கு முறை வந்து நான்கு முறை திரும்புகிறது. முற்பகலில் 8.30க்கும் 11.10க்கும் வண்டி வருவது நெடுநாளைய அட்டவணை. இருந்தாலும் முந்தைய நாள் வழிகாட்டியை நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள். மணி ஒலித்ததும் கடைக்காரர்கள் கூடாரத் துணிகளை இழுத்து மடக்கிவிடுவார்கள், சக்கரம் பூட்டிய மீன் தட்டுகளைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில் தாழ்வாகப் பரப்பிய கீரையையும் மிளகாயையும் எடுக்கவே மாட்டார்கள். அவற்றின் மேலாகவே பெட்டிகள் ஊர்ந்து போகும், ஒரு மிளகாய்கூட நசுங்காது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஒட்டி நிற்கும் இடம்தான் இருக்கும். அம்மாவை நிலையத்தின் மேடையிலோ, ஏதாவது ஒரு பானக் கடையின் நாற்காலியிலோ முன்கூட்டியே உட்கார வைத்துவிடுவது நல்லது.

கிள்ளான் ஆசிரியை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். மேலே எழுதிய சகோதரர் கூறிய யாவும் பயனுள்ளவை. ஆயினும் உங்கள் அம்மா எதைப் பார்க்க விரும்புகிறார் என்பதை வைத்துப் பார்த்தால், நான் டம்னேன் சதுவாக்கை முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

டம்னேன் சதுவாக் கால்வாய் தோண்டப்பட்டது நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1866க்கும் 1868க்கும் இடையில். மேக்லோங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைத்து 32 கிலோமீட்டர் ஓடும் அந்த நீர்வழி, உள்நாட்டு விளைச்சலைப் பாங்காக் வரை கொண்டு சேர்ப்பதற்காக வெட்டப்பட்டது. அதிலிருந்து பிரிந்த கிளை வாய்க்கால்கள் எல்லாம் தோட்டங்களுக்குள் சென்றன. மண்ணை மேடாக்கி, மேடுகளுக்கு இடையில் நீரோடும் பள்ளம் விட்டுப் பயிரிடும் முறையை அங்கே இன்றும் காணலாம்; கொய்யா, ஜம்பு, பம்பிளிமாஸ், தென்னை ஆகியவை செழித்து வளர்கின்றன. அந்த விளைச்சலைத் தோட்டக்காரர்கள் படகில் ஏற்றிக்கொண்டு ஒன்றுகூடிய இடமே சந்தை ஆயிற்று. பிறகு சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன, வணிகம் கரை ஏறிவிட்டது. இப்போது டம்னேன் சதுவாக்கில் படகுகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி பயணிகளுக்கான தொப்பிகளும் நினைவுப் பொருள்களும்தான். கத்தரிக்காயையும் வாழைத்தாரையும் நிறைத்த படகைத் தேடி வரும் ஒருவர் அங்கே ஏமாற்றம் அடைவார் என்றே அஞ்சுகிறேன்.

அதற்கு மாற்றாகத் தா கா சந்தையைக் கேளுங்கள். அது பக்கத்து மாநிலமான சமுத் சோங்கிராமில், அம்பாவாவுக்கு அருகில் இருக்கிறது. சிறியது, அமைதியானது, காலைச் சந்தை. மரபுப்படி அது வளர்பிறையிலும் தேய்பிறையிலும் இரண்டாம், ஏழாம், பன்னிரண்டாம் நாள்களில் கூடுவது. கிழமையை விட்டு நிலவை வைத்துச் சந்தை கூடுவதற்குக் காரணம், நிலவோடு ஏறி இறங்கும் நீர்மட்டம். படகு வாய்க்காலில் மிதக்க வேண்டுமென்றால் நீர் வேண்டும் அல்லவா? இப்போது சனி, ஞாயிறுகளிலும் கூடுவதால் உங்கள் நாளுக்குத் தடையில்லை. அங்கே முதிய பெண்கள் ஓலைத் தொப்பி அணிந்து, சம்பான் என்னும் சிறு படகில் சம்மணமிட்டு அமர்ந்து, தங்கள் தோட்டத்துக் காய்களைத் தாங்களே விற்பதைப் பார்க்கலாம். துடுப்புப் படகில் உள் வாய்க்கால்களுக்குப் போனால், தென்னம்பாளையிலிருந்து இறக்கிய பதநீரைப் பெரிய இரும்புச் சட்டிகளில் கொதிக்கவைத்துச் சர்க்கரை காய்ச்சும் வீடுகள் இருக்கின்றன. பதநீர் நுரைத்துப் பொங்கும்போது அதன்மேல் மூங்கிலால் பின்னிய ஓர் உருளையைக் கவிழ்ப்பார்கள், நுரை வெளியே வழியாமல் அதற்குள்ளேயே அடங்கும். ஆற்றங்கரையில் வளர்ந்த உங்கள் அம்மாவுக்கு அங்கே சொல்வதற்கும் கேட்பதற்கும் நிறைய இருக்கும், வழிகாட்டி நல்லவராக இருந்து மொழிபெயர்த்தால் போதும். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தின் முழுப் பயனும் இத்தகைய இடத்தில்தான் கிடைக்கும்.

படகு ஏறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பகுதி கடலுக்கு அருகில் இருப்பதால் வாய்க்கால்களில் ஓதமும் வற்றமும், அதாவது நீர் ஏற்றமும் இறக்கமும் உண்டு. நீர் ஏறியிருக்கும்போது படகின் விளிம்பு படித்துறைக்குச் சமமாக இருக்கும். நீர் இறங்கியிருக்கும்போது பாசி படிந்த கீழ்ப்படிகள் வரை இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த வேறுபாடு பெரிது. அன்றைய நீர்மட்டம் எந்நேரத்தில் உயரும் என்று வழிகாட்டியிடம் கேட்டு அதற்கேற்பப் படகு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் படகில் இருக்கை மிகத் தாழ்வு, ஏறத்தாழத் தரையில் அமர்வதைப் போன்றது. அதில் அமர்வதைவிட எழுவதே கடினம். கூரையும் பலகை இருக்கையும் உள்ள படகு கிடைக்குமா என்று முன்பே கேட்கலாம். ஏறும்போது படகின் நடுவில் கால் வைக்க வேண்டும், விளிம்பில் வைக்கக் கூடாது என்பதை உங்கள் அம்மாவுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

அம்பாவா பற்றி ஒரு சொல். அது வெள்ளி, சனி, ஞாயிறுகளில் பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடப்பது. இரண்டாம் ராமா மன்னர் பிறந்த ஊர், அவருடைய நினைவுப் பூங்கா அங்கே இருக்கிறது. இரவில் மின்மினிப் பூச்சி பார்க்கப் படகு விடுகிறார்கள். ஆனால் நம் கோலா சிலாங்கூரில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு அதே மரம், அதே காட்சிதான். அதற்காக அம்மாவை இரவு பத்து மணி வரை வெளியே வைத்திருப்பது தேவையற்றது என்பது என் கருத்து. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் அம்பாவா மர வீடுகளின் திண்ணை வழியே சிறிது நடந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

ஈப்போ சைவச் சமையல் எழுதியது:

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சைவம் என்று சொன்னால் போதாது, ஏனெனில் மீன் சாறும், இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சானும் தாய்லாந்து மக்களுக்குத் தனி உணவாகத் தோன்றாது. காய்கறிக் குழம்பிலும் இருக்கும். "ஜே" என்று சொல்லச் சொல்லுங்கள். அது பௌத்த நோன்பு உணவு, இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமன்றி வெங்காயம், பூண்டுகூட இல்லாதது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து உள்ள கடைகளில் கிடைக்கும். மிதக்கும் சந்தைகளில் அத்தகைய கடை அமையும் என்று நம்பிவிட முடியாது, ஆகவே மதிய உணவுக் கடையை முந்தைய நாளே வழிகாட்டி தொலைபேசியில் பேசி வைக்க வேண்டும். படகு நூடல்ஸ் பக்கமே போக வேண்டாம், அதன் சாற்றில் இரத்தம் சேர்ப்பது வழக்கம். அம்மா விரும்பி உண்ணக்கூடியது கனோம் குரோக். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குழிச்சட்டியில் சுடுவது, நம் குழிப்பணியாரத்துக்குத் தங்கை போல இருக்கும். மேலே வெங்காயத் தாள் தூவுவார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். மாம்பழமும் ஒட்டரிசியும் எங்கும் கிடைக்கும். காலையில் விடுதியிலிருந்து புறப்படும்போது ஒரு டப்பாவில் இட்லியோ ரொட்டியோ கையில் இருப்பது நிம்மதி. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள், அந்த வட்டாரத்தில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சர்க்கரை காய்ச்சும் வீட்டைக் கேட்டதும் தா கா என்று முடிவு செய்துவிட்டார். ஆகவே காலையில் தா கா, பிறகு 11.10 ரயிலுக்கு மேக்லோங், மதிய உணவுக்குப் பின் அம்பாவாவில் சிறிது நேரம் என்று முகவருக்கு எழுதியிருக்கிறேன், கடைகள் இரண்டையும் நீக்கச் சொல்லிவிட்டேன். நீண்ட வேன் பயணம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், பாங்காக் நகருக்குள்ளேயே மாற்று ஏதேனும் இருக்கிறதா?

பினாங்கு படகுத்துறை எழுதியது:

இருக்கிறது, சகோதரி. சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தொன்புரி வாய்க்கால்களில், நீண்ட தண்டுடன் கூடிய இயந்திரம் பொருத்திய நீள்வால் படகு ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தால், கால்களின் மேல் நிற்கும் மர வீடுகளையும், நீரோரக் கோயில்களையும், மதகு திறக்கும்வரை படகுகள் காத்திருப்பதையும் நகரை விட்டு வெளியேறாமலே பார்க்கலாம். பேங் லுவாங் வாய்க்காலில் இருந்தால் பாக்னாம் கோயிலின் 69 மீட்டர் உயரப் புத்தர் சிலை கூரைகளுக்கு மேலே தெரியும். சனிக்கிழமை என்பதால் தாலிங் சான், லாட் மயோம் ஆகிய இரு வாரயிறுதிச் சந்தைகளும் திறந்திருக்கும். அவற்றுக்குப் பாங்காக் மக்களே குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். நீள்வால் படகின் இயந்திரம் காதைப் பிளக்கும், அம்மாவை முன்பக்கம் உட்கார வையுங்கள்.

சமுத் சோங்கிராமுக்கே போவதானால், இரண்டாம் ராமா சாலையில் ஆண்டுக்கணக்கில் மேம்பாலப் பணிகள் நடந்து நெரிசல் ஏற்படுவதால், அன்று எந்த வழியில் போகப் போகிறார் என்று வண்டியோட்டியிடம் முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்கு மேல் புறப்படத் தாமதிக்க வேண்டாம். நம் வங்கிச் செயலியில் கியூஆர் வழியாக அங்கே பணம் செலுத்தலாம் என்றாலும், படகில் காய் விற்கும் பாட்டிகளுக்கு 20 பாட் தாள்களைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்குள் நுழையத் தேவையான மின்னிலக்க வருகை அட்டையை ஐவருக்கும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் இணையப்பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.