பதில்: 301-க்கு தமிழ்ல என்ன? மாற்றுப்பாதையா, மாறுதலா

வணக்கம் எல்லாருக்கும்,

கோத்தகிரியில ரெண்டு நாளா மழை, கரண்டு வர்றதும் போறதுமா இருந்துச்சு, அதான் இழையை இப்பத்தான் முழுசா படிச்சேன். பழைய இணைய முகவரிக்கு வர்றவங்களை சர்வர் தானாவே வேற முகவரிக்கு அனுப்பறதுதான் ரீடைரக்ட்; நிரந்தரமா அனுப்பினா அதோட எண் 301, தற்காலிகமா அனுப்பினா 302. இதுங்களுக்கு சொல்லடைவுல என்ன தமிழ் போடறதுங்கறதுதான் பேச்சு.

> 301 ரீடைரக்டுக்கு 'மாற்றுப்பாதை'ன்னே வச்சிரலாமே. பஸ்ல போறவங்களுக்குக் கூட தெரிஞ்ச வார்த்தை.

தெரிஞ்ச வார்த்தைங்கறதுதான் அண்ணா பிரச்சனையே. பர்லியார் பக்கம் மண் சரிஞ்சா போலீஸ்காரங்க பேரிகார்டு வச்சு 'மாற்றுப்பாதையில் செல்லவும்'னு போர்டு மாட்டிட்டு வண்டியெல்லாம் கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க, அதைப் பார்த்துட்டு இனிமே குன்னூர் ரோடே கிடையாதுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க, மண்ணை அள்ளிட்டா பழையபடி அதே ரோடுதான். சீசன்லயும் அப்படித்தான், ஏற குன்னூர் இறங்க கோத்தகிரின்னு ஒருவழி போடுவாங்க, சீசன் முடிஞ்சா எடுத்துருவாங்க. இது 302. 'இப்போதைக்கு அங்க போ, முகவரி என்னவோ இதுதான்'னு சர்வர் சொல்றது. 301 சொல்றது 'நான் காலி பண்ணிட்டேன், இனி அதுதான் முகவரி'. முகவரி எதுன்னு முடிவு பண்றப்ப கூகுள் 301-ஐ பலமான சிக்னலா எடுத்துக்குது, 302-ஐ பலவீனமாத்தான் எடுத்துக்குது. (308-ம் 301 மாதிரி நிரந்தர ரகம். 307, 302 மாதிரி போர்டு மாட்டுற ரகம்.)

வார்த்தைக்காக சண்டை போடறேன்னு நினைக்காதீங்க, பட்டிருக்கேன். எங்க சித்தப்பா ஒரு ஹோம்ஸ்டே நடத்தறார், தளத்தோட பேர் ரொம்ப நீளம், போன்ல சொன்னா யாருக்கும் ஏறாது, அதனால சின்னதா ஒரு டொமைன் வாங்கினார். மாத்திக் குடுத்தவர் 302 போட்டு, அதுவும் பழைய பக்கம் அத்தனையையும் புது முகப்புப் பக்கத்துக்கே திருப்பி விட்டுட்டாரு. கோடநாடு காட்சிமுனைக்கு எப்படிப் போகணும், கேத்தரின் அருவிக்கு எந்த மாசம் தண்ணி இருக்கும்னு சித்தப்பா கைப்பட எழுதின பக்கங்கள்தான் கூகுள்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரும், அதைத் தேடி வந்தவன் ரூம் வாடகையைப் பார்த்துட்டு ஓடிட்டான். இப்படி மொத்தமா முகப்புக்குத் தள்ளினா கூகுளும் அதை 'பக்கம் இல்லை' கணக்குலதான் சேர்க்கும். நான் போய் கேட்டப்ப சித்தப்பா நிதானமா, "அதான் டைவர்ஷன் போட்டாச்சுன்னு சொன்னாங்களேடா"ன்னாரு. அந்த வார்த்தையை நம்பி நாலு மாசம் சும்மா இருந்திருக்காரு மனுஷன்.

அவருக்கு நான் எப்படிப் புரிய வச்சேன்னா, "இது பட்டா மாறுதல் மாதிரி சித்தப்பா"ன்னேன். அவ்வளவுதான், மீதியை அவரே சொல்லிட்டாரு. ஒவ்வொரு சர்வே நம்பரும் தனித்தனியா ஏறணும், மொத்தமா 'எல்லா நிலமும் இவருக்கு'ன்னு எழுதினா செல்லாது, அதே மாதிரி பழைய பக்கம் ஒவ்வொண்ணுக்கும் நேரான புதுப் பக்கம் எதுன்னு பட்டியல் போடணும். ஒரே பக்கத்தை ரெண்டா பிரிச்சிருந்தா அது உட்பிரிவு, அதுக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்.

அதனால என் கட்சி இது: ரீடைரக்டுக்குப் பொதுவா விக்கிப்பீடியாவுல இருக்கற 'வழிமாற்று' இருக்கட்டும், 302 'மாற்றுப்பாதை', 301 'முகவரி மாறுதல்'.

> மாறுதல்னா வெறும் மாற்றம்தானே, நிரந்தரம்ங்கற பொருள் எங்க வருது?

அகராதியில வராது ஐயா, தாலுகா ஆபீஸ்ல வரும். பட்டா மாறுதல்னு கேட்டதும் நிலம் திரும்பி வரும்னு யாராவது நினைப்பாங்களா? 301-க்கு இழையில வந்த 'பெயர்வழி'யும் அழகாத்தான் இருக்கு, ஆனா வாயில 'பேர்வழி'ன்னு வந்துரும், அப்புறம் அது எந்த மாதிரி பேர்வழின்னு கேள்வி வரும்.

இன்னொண்ணு. 'லிங்க் ஈக்விட்டி'க்கு 'இணைப்புச் சாறு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, ஜூஸ் கடை ஞாபகம் வருது. 'பாத்தியதை' போதும். பல வருஷமா மத்த தளங்கள் குடுத்த இணைப்பால வந்த உரிமை, மாறுதல் ஆனா அதுவும் சேர்ந்து போகும். 301 போட்டா பாதி ஆவியாயிரும்னு இன்னும் சிலர் பயமுறுத்தறாங்க, 30-ல ஆரம்பிக்கற ரீடைரக்ட் எதுலயும் இப்ப பேஜ்ரேங்க் (இணைப்புகளை வச்சு ஒரு பக்கத்துக்கு கூகுள் போடற மதிப்பு) குறையறதில்லன்னு 2016-லயே கூகுளோட கேரி இல்யேஸ் சொல்லிட்டாரு. ஆனா சங்கிலி போடாதீங்க, பழசுல இருந்து நடுவுல ஒண்ணு, அங்கிருந்து இன்னொண்ணுன்னு போனா கூகுள்பாட் (பக்கங்களைப் படிச்சுட்டுப் போற கூகுளோட நிரல்) 10 தாவலுக்கு மேல தாவாது. பழைய தளத்தை ரோபோட்ஸ் ஃபைல்ல (எதைப் படிக்கலாம், படிக்கக்கூடாதுன்னு அந்த நிரலுக்குச் சொல்ற ஃபைல்) அடைச்சும் வைக்காதீங்க, உள்ள விட்டாத்தானே போர்டைப் படிக்கும்.

உதகமண்டலம்னு போர்டெல்லாம் மாத்தி இத்தனை வருஷமாச்சு, இன்னும் தேடறவன் ஊட்டின்னுதான் தேடறான். அதுக்கு எந்த மாறுதலும் வேலை செய்யாது, அது வேற கேஸ்.

---

தம்பி, குன்னூர்ல இருந்து எழுதறேன். பட்டா உவமை நல்லாத்தான் இருக்கு, ஒரு இடத்துல உடையுது. பட்டா மாறினப்புறம் பழைய ஓனரோட வேலை முடிஞ்சுது. இங்க அப்படி இல்லையே, பழைய டொமைனை விட்டுட்டா ரீடைரக்டே போயிரும், வேற யாராவது வாங்கி எதையாவது போட்டு வைப்பான். கூகுளே 1 வருஷமாவது வச்சிருன்னுது. காலி பண்ணின வீட்டுக்கும் வாடகை கட்டற மாதிரி இது.

---

அக்கா, ஒத்துக்கறேன், அந்த இடம் ஓட்டைதான். தளம் நடத்தறவங்களுக்காக கூகுள் வச்சிருக்கற சர்ச் கன்சோல்ல முகவரி மாத்தறதா குடுத்தாலும் அது 180 நாள் கணக்குதான், அதுக்கப்புறம் பழைய டொமைன் உயிரோட இருந்து ரீடைரக்ட் பண்ணாத்தான் பழைய இணைப்புல வர்றவங்க வருவாங்க. அப்ப சொல்லடைவுல 'முகவரி மாறுதல்'னு போட்டு, பக்கத்துலயே 'பழைய முகவரியை விடாமல் புதுப்பிக்கவும்'னு ஒரு வரி சேர்த்துரலாமா? உவமையை நம்பி யாரும் டொமைனை விட்டுரக்கூடாது.

சித்தப்பாவோடதுக்கு இந்த மாசம்தான் ரெனியூவல். அவருக்கு இப்பவே போன் போடறேன், கரண்டு போறதுக்குள்ள.