கேம்கார்டர் எச்டி வீடியோவை எதில் எடிட் செய்தீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்

கத்தரிக்கோல்:
மகள் மேடையில் பாடியதை நிறுத்தாமல் 50 நிமிடம் எடுத்தேன். ஏவிசிஎச்டி என்ற முறையில் பதியும் கேமரா. கார்டில் இருந்த எம்டிஎஸ் என்ற வீடியோ கோப்புகளை மட்டும் கணினியில் போட்டுக்கொண்டு, மற்ற ஃபோல்டரெல்லாம் குப்பை என்று கார்டை அழித்துவிட்டேன். டைம்லைனில் இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால், உச்ச ஸ்தாயியில் வாயைத் திறக்கிறாள், அரை நொடி சத்தமே இல்லை. அப்புறம் பாட்டு தொடர்கிறது. மூன்று மென்பொருள் மாற்றிவிட்டேன், மூன்றிலும் அதே ஊமை வாய்.

தகரடப்பா:
உங்களுக்கு ஓடவாவது செய்தது. என் பழைய மடிக்கணினியில் சத்தம் போய்க்கொண்டே இருக்க, மாமா பாதி மூடிய கண்ணோடு உறைந்து நின்றார். நல்ல மென்பொருளாக வாங்கியிருந்தால் இருவருக்குமே இந்தத் தொல்லை இருந்திருக்காது.

இரவாந்தை:
தகரடப்பா, வாங்கினாலும் மாமா அப்படியேதான் நிற்பார். இந்தக் கேமராக்கள் வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறையில் எல்லா ஃபிரேமும் முழுப்படம் கிடையாது. பக்கத்து ஃபிரேம்களையும் பிரித்தால்தான் ஒன்றைக் காட்ட முடியும். கணினி திணறுவது அதனால்தான். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டுமே இலவச எடிட்டிங் மென்பொருள், இரண்டிலும் பிராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் ஒரு சின்ன நகல் உண்டு. அதை வைத்து வெட்டுங்கள், கடைசியில் அசலிலிருந்து ஏற்றுமதி ஆகும்.

கத்தரிக்கோல், அந்த அரை நொடி எங்கேயும் போகவில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கேமரா பாதியில் அறுத்து அடுத்த கோப்பில் தொடர்கிறது. அறுத்த இடத்தில் ஒரு பாதி இங்கே, மறுபாதி அங்கே. நீங்கள் குப்பை என்று அழித்த ஃபோல்டர்களில்தான் எது எதன் தொடர்ச்சி என்ற விவரம் இருந்தது. பரவாயில்லை, விண்டோஸ் என்றால் கட்டளைச் சாளரத்தில் காப்பி (copy) கட்டளையோடு /b சேர்த்து, இரண்டையும் வரிசை மாறாமல் ஒரே கோப்பாக்குங்கள். மறுபடி என்கோட் செய்ய வேண்டாம், தரமும் குறையாது. இனிமேல் கார்டை அப்படியே முழுசாக நகலெடுங்கள். நானும் ஒருமுறை அழித்தவன்தான், அதை விடுங்கள்.

தகரடப்பா:
பிராக்ஸி உருவாக்கவே ராத்திரி முழுக்க ஓடியது. அதையும் சொல்லியிருக்கலாம்.

கத்தரிக்கோல்:
ஒட்டிவிட்டேன். சத்தம் முழுசாக இருக்கிறது. அந்த அரை நொடியில் முன்வரிசையில் யாரோ தும்மியிருக்கிறார். சரி, இன்னொன்று: அவள் கையை ஆட்டும்போதெல்லாம் விரலோரம் சீப்புப் பல் மாதிரி கோடுகள். கேமராவில் 1080i என்று போட்டிருக்கிறது. ஷாட்கட்டில் இதை எங்கே மாற்றுவது?