அறுபதுக்கு மேல் லினக்ஸ் மின்ட்: மாறலாமா, வேண்டாமா?

ஓய்வுக்காலம்:
வயது 64. என் மடிக்கணினியில் ஆறாம் தலைமுறை இன்டெல் சிப், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் பிராசஸர் பழசு என்று மறுக்கிறது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, தூக்கிப்போட மனமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்கிறார்கள். மெயில், வீடியோ, வங்கி வேலை, தமிழில் கட்டுரை எழுதுவது, ஃபோட்டோ சேமிப்பது. இவ்வளவுதான் என் தேவை. இந்த வயதில் மாறலாமா?

மணற்கேணி:
தாராளமாக மாறுங்கள் சார். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பிரவுசர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மின்ட்டின் சின்னமன் பதிப்பில் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகிய கைக்குத் தடுமாற்றமே இருக்காது. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஆகவேண்டும் என்பதெல்லாம் பழைய கதை.

நிதானம்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. வயது தடையே இல்லை, அறுபதில் புதுமொழி கற்பவர்கள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு: திடீரென்று பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் ஐயா யாரைக் கூப்பிடுவார்? உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் பழுதுபார்க்க வருபவருக்கும் தெரிந்தது பெரும்பாலும் விண்டோஸ்தான். பதிவுசெய்துகொண்டால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் உண்டு. அதை வாங்கிக்கொண்டு நிதானமாக யோசிக்கலாமே.

மணற்கேணி:
அந்தத் தேதிக்குப் பிறகு? அப்போதும் இதே கேள்விதான் வரும். புது மெஷின் வாங்கி விண்டோஸ் 11-க்குப் போனாலும் மெனு நடுவில் வந்து நிற்கிறது, செட்டிங்ஸ் இடம் மாறியிருக்கிறது. பழகுவது எப்படியும் உண்டு. அதை ஏன் காசு கொடுத்துச் செய்யவேண்டும்? பிரின்டர் விஷயத்திலும், நெட்வொர்க்கில் இணையும் புது மாடல்கள் பலவும் டிரைவர் போடாமலே அச்சடிக்கின்றன. ஏதாவது அப்டேட் கெடுத்துவிட்டால் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. முன்பே எடுத்து வைத்த நிலைக்கு சிஸ்டத்தைத் திருப்பிவிடலாம்.

நிதானம்:
டைம்ஷிஃப்ட்டைப் பற்றி முழுசாகச் சொல்லுங்கள். அது காப்பாற்றுவது சிஸ்டம் கோப்புகளைத்தான். ஐயாவின் கட்டுரையும் ஃபோட்டோவும் இருக்கும் ஹோம் கோப்புறையை நாமாகச் சேர்த்தால் ஒழிய அது தொடாது. வட்டு போனால் எல்லாம் போகும். வெளி ஹார்டுடிஸ்க்கில் தனிப் பிரதி இல்லாமல் இன்ஸ்டால் பட்டனை அழுத்தவே கூடாது. இன்னொன்று, சில மடிக்கணினிகளில் வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் தானாகவே போடப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைக்காமல் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) கைவைத்தால் சொந்தக் கோப்புகளே திறக்காமல் போகலாம்.

எழுத்தாணி:
நீங்கள் இருவருமே தமிழை விட்டுவிட்டீர்கள், ஐயாவுக்கு முக்கியமே அதுதான். யூனிகோடில் அடித்த கோப்புகள், வேர்டுக்குப் பதிலான லிப்ரெஆபிஸில் அப்படியே திறக்கும். அட்டவணைகள் நிறைய இருந்தால் பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம், எழுத்து கெடாது. சிக்கல், யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு மின்ட்டில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். கட்டுரை அழிந்துவிட்டது என்று பதறிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு விசைப்பலகை முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு. தமிழ்99-உம் ஒலிப்புமுறையும் அதில் இருக்கின்றன. விண்டோஸில் வைத்திருந்த தட்டச்சு மென்பொருள் கூடவே வராது.

நிதானம்:
"ஐபஸ், அதோடு எம்17என்" என்று நமக்குச் சொல்ல எளிது. முதல் தடவை இதை உட்கார்ந்து அமைத்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். என் எதிர்ப்பு மின்ட் மீது இல்லை. ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு, எளிதுதான் போங்கள் என்று சொல்வது மீதுதான்.

மணற்கேணி:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாறவே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சார், மின்ட் ஐஎஸ்ஓவை (இறக்கிக்கொள்ளும் நிறுவல் கோப்பு) ஒரு பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்தே பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை, நீங்களாகத் திறந்து மாற்றினால் தவிர, உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, வங்கித் தளம் திறக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவில் வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அக்செசிபிலிட்டியில் பெரிதாக்கலாம்.

ஓய்வுக்காலம்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணன் மகள் விடுமுறைக்கு வருகிறாள், அவளுக்கு லினக்ஸ் தெரியும். அதுவரை பென்டிரைவில் பார்க்கிறேன். என் பழைய கட்டுரைகள் பல பாமினியில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துருவை எப்படி எடுத்துப் போவது?

எழுத்தாணி:
விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து பாமினியை வெளி ஹார்டுடிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். மின்ட் போட்ட பிறகு அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் நிறுவும் பட்டன் வரும். முதலில் ஒரே ஒரு கட்டுரையைத் திறந்து, நெடிலும் ஒற்றும் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றை நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன.